அரைக் கிளச்

கார் நடுங்கத் தொடங்கி நாலைந்து மாதமாகியிருந்தது. முதலாம் கியரைப் போட்டுக் கிளச்சை விடும்போது, குளிர்காய்ச்சல் வந்த ஆளைப்போல முழு வண்டியும் உதறும். ஸ்டியரிங் கைக்குள் துள்ளும், கதவுக் கண்ணாடிகள் கடகடக்கும். பத்தடி போனதும் எல்லாம் அடங்கிவிடும். அடங்கிவிடுகிறதே என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கராஜுக்குக் கொண்டுபோ என்பார்கள். கராஜ் ஆண்கள் நிற்கும் இடம். கடையில் அரைக் கிலோ சீனி கேட்பதற்கே இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்கிற ஆள் நான்.

என் கணவர் கட்டாருக்குச் சாரதி வேலைக்குப் போவதற்கு முந்திய வருடம் பழசாக வாங்கிய ஜப்பான் கார் அது. என் மகளைவிட மூத்தது. போவதற்கு முன் எனக்கு ஓட்டப் பழக்கினார். களப்பு வற்றிக் கிடந்த வெளியில்தான் பழகினேன். அங்கே மோதுவதற்கு ஒன்றும் இல்லை. ஓ.எல். வரை படித்திருந்ததால் லைசன்ஸுக்கான எழுத்துப் பரீட்சை எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. ஓட்டிக் காட்டும்போது பக்கத்தில் ஓர் அந்நிய மனிதர் உட்கார்ந்திருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

தினமும் காலையில் எங்கள் மணல் ஒழுங்கையில் குடியிருக்கும் சின்னப்பிள்ளைகள் ஐந்து பேரை முன்பள்ளியில் கொண்டுபோய் விடுவேன். பகலில் போய்க் கூட்டிவருவேன். குறிஞ்சிப்பிட்டியில் அப்போது கார் ஓட்டிய பெண்கள் நானும் ஒரு டீச்சரும்தான். யுத்தம் முடிந்து மன்னார் ரோடு திறந்தபிறகு, என்னோடு அகதிகளாக இங்கே வந்த என் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் பிறந்த ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். நான் இந்த ஊர் வெங்காயத் தோட்டக்காரர் ஒருவரின் மகனைக் கல்யாணம் செய்தவள், இங்கேயே இருந்துவிட்டேன். ஆகவே அந்த வருடம் வீட்டில் நானும் காரும்தான்.

பிறகு மகள் வந்தாள். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வருவது எங்கள் வழக்கம். மருமகனுக்குக் குருநாகலில் ஒரு துணிக்கடையில் வேலை. ஏழாம் மாதம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

எட்டாம் மாதக் கடைசியில் எடுத்த ஸ்கேனில் நச்சுக்கொடி கீழே இறங்கிக் கிடப்பதாகச் சொல்லி எங்களைச் சிலாபத்துக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டர் சிங்களத்தில் நிறையக் கதைத்தார். நேர்ஸ் அதைத் தமிழில் சுருக்கிச் சொன்னார். நச்சுக்கொடி பிள்ளை வரும் வழியை மூடிக்கொண்டு கிடக்கிறது. சுகப்பிரசவம் சரிவராது. பாரம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, குலுங்கக் கூடாது. ஒரு துளி இரத்தம் பட்டாலும் ஓடிவர வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால், அடுத்த வியாழக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு கொண்டுவந்தால் அன்றைக்கே ஒப்பரேசன்.

"குலுங்கக் கூடாது" என்று சொல்லும்போது நேர்ஸ் என்னைப் பார்த்தார். மகளும் என்னைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது சிலாபத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நல்ல நெரிசல். நின்று நின்றுதான் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் கார் உதறியது. பின்சீற்றில் சரிந்து படுத்திருந்த மகள் இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்தாள். கண்ணாடியில் அவள் கைகள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. பாலாவிச் சந்தியில் ஐந்தாவதோ ஆறாவதோ முறையாக உதறியபோதுதான் கேட்டாள்.

"உம்மா, கார் ஏன் இப்படி நடுங்குது?"

"பழசுதானே மகள்."

"எவ்வளவு நாளா?"

நான் அடுத்த கியரைப் போட்டேன்.

விஷயத்தைக் கேள்விப்பட்டு மருமகன் போனில், "மாமி, வான் ஒண்டு பிடிச்சிப் போங்க, கார் வேணாம்," என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மகள்தான் கேட்கவில்லை.

"போற வழியில ரத்தம் பட்டிச்செண்டா? அந்நிய ஆம்புளைட வாகனத்துல, அவர் முன்னுக்கு இருந்து ஓட்ட, நான் என்ன செய்யிற? உம்மா, நான் உங்கட கார்லதான் போவன்."

வேறு ஒரு தாய் என்றால் ஏசியிருப்பாள். எனக்கு ஏச முடியவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவசரத்துக்கு மட்டும், ஒழுங்கை முனையில் இருக்கும் வான்காரரின் நம்பரை எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

சனிக்கிழமை காரைக் கற்பிட்டி ரோட்டில் இருந்த கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். படகு இயந்திரம், வோட்டர் பம்ப், லொறி எல்லாம் திருத்துவார். ஊரே அவரைப் பாஸ் என்று கூப்பிடும். எனக்கு வெறும் பாஸ் என்று கூப்பிட வாய் வராது. அண்ணன் முறை வைத்து, பாஸ் நானா என்றேன். அவர் காரை ஒருமுறை வாசலுக்கும் ரோட்டுக்குமாக ஓட்டிப் பார்த்தார். இறங்கும்போது முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு.

"கிளச் பிளேட் மட்டும் இல்ல தங்கச்சி. கியர் பொக்ஸை இறக்கிப் பார்த்தாத்தான் சொல்லலாம். நாளைக்கு வாங்க."

ஞாயிறு காலை நான் போனபோது கியர் பொக்ஸ் நிலத்தில் கிடந்தது. பக்கத்தில் ஒரு சோடாப் பெட்டியின்மேல் வட்டமான இரும்புத் தட்டொன்றை வைத்திருந்தார். சோற்றுச் சட்டியின் மூடி அளவு, ஆனால் ஒரு விரல் தடிப்பு. ஓரம் முழுக்கப் பல்.

"இதுதான் பிளைவீல். எஞ்சின்ட வாலில பூட்டியிருக்கிற. கிளச் பிளேட் வந்து இதைக் கவ்விப் பிடிச்சாத்தான் சில்லு சுத்தும். இப்பப் பாருங்க இதிட மூஞ்சிய."

பார்த்தேன். கண்ணாடிபோல இருக்க வேண்டிய முகத்தில் அங்கங்கே நீலக் கறுப்பாகத் திட்டுகள். நடுவில் மயிரிழைபோல வெடிப்புகள். விரலை வைத்தபோது மேடும் பள்ளமுமாக இருந்தது.

"இந்தக் காரை ஆரு ஓட்டுற?"

"நான்தான்."

"வேற ஆரும்?"

"இல்ல."

"நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் போறீங்களா?"

"இல்ல பாஸ் நானா. ஊருக்குள்ளதான். முன்பள்ளிக்கு."

"ஊருக்குள்ள மலை இல்லையே," என்று அவர் தலையைச் சொறிந்தார். "மலையேத்தத்துல பஸ் ஓடினாத்தான் இப்படி எரியும்."

படகு இயந்திரத்துக்காகக் காத்திருந்த மீன்பிடிக்காரர் ஒருவரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். எனக்கு முந்தானையைத் தலைக்குமேல் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட வேண்டும்போல இருந்தது. பாஸ் திடீரென்று காருக்குள் கையை விட்டு ஹோனை அழுத்தினார். அந்தச் சத்தத்தில் நானே துள்ளிவிட்டேன்.

"ஹோன் வேலை செய்யுது," என்றார். "புதுப் பொண்ணு மாதிரி இருக்கு. ஒருநாளும் வாய் திறக்கல்ல போல. நீங்க ஹோன் அடிக்கிறதில்லையா தங்கச்சி?"

அப்போதுதான் சொன்னேன். எங்கள் ஒழுங்கை பள்ளிவாசலைத் தாண்டித்தான் பெரிய ரோட்டுக்கு வரும். இரண்டு பக்கமும் மணல். இறக்கி முந்திப் போகவும் முடியாது. நான் பிள்ளைகளைக் கூட்டிவரும் நேரம் லுஹர் தொழுகை முடிந்து பெரியவர்கள் ஒழுங்கை நிறைய நடந்து வருவார்கள். எனக்கு ஓதித் தந்த லெப்பை வருவார். என் மாமனார் வருவார். ஹஜ்ஜுக்குப் போய்வந்த ஒரு பெரியவர் ஒவ்வொரு வேலிக்கும் நின்று கதைத்துக்கொண்டு வருவார். அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை ஹோன் அடிப்பதா? அவர்கள் திரும்பிப் பார்த்தால் நான் எங்கே பார்ப்பது? அதனால் கிளச்சைப் பாதி அழுத்தி, பாதி விட்டு, அவர்களுடைய நடைக்குக் காரை ஊரவிட்டுக்கொண்டே வீடு வரைக்கும் வருவேன். இரண்டு வருடமாக அப்படித்தான்.

பாஸ் தட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அரைக் கிளச்! நான் மலையெல்லாம் யோசிக்கிறன். அரைக் கிளச்சில ஊர்ந்தா இந்தத் தட்டும் பிளேட்டும் ஒண்டோட ஒண்டு உரசி எரியும். உங்கட மரியாதை முழுக்க இதிலதான் பதிஞ்சு கிடக்குது, பாருங்க!"

மீன்பிடிக்காரர், "ஹாஜியார்ட்டச் சொல்லுங்க பாஸ், அவர்ர நடைக்குத் தேஞ்ச பிளைவீல் எண்டு. பள்ளிவாசல்ல தொங்கப் போடட்டும்," என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. மகளின் கைகள் நினைவுக்கு வந்தன.

"பாஸ் நானா, வியாழக்கிழமை மகளைச் சிலாபத்துக்குக் கொண்டு போகணும். ஒப்பரேசன். குலுங்கக் கூடாதெண்டு சொல்லியிருக்காங்க."

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"பிள்ளைத்தாச்சியா? அதை முதல்ல சொல்லக் கூடாதா?" கையைத் துடைத்துக்கொண்டு பிளைவீலைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தார். "லேத்துல போட்டுச் சீவலாம். ஆனா இது முந்தியும் ஒருக்காச் சீவினது. இன்னும் சீவினா பப்படம். வெடிப்பும் இருக்கு. வேற ஒண்டுதான் போடணும். புதுசு இப்ப வாறதில்ல. சிலாபத்துல பழைய சாமான் விக்கிற கடை ஒண்டு இருக்கு. நாளைக்கு ஆரையாவது அனுப்புங்க. இதைக் கையோட கொண்டு போகணும். பல்லு எண்ணி எடுக்கணும். ஒரு பல்லு கூடிக் குறைஞ்சாலும் ஸ்டாட்டர் பிடிக்காது."

அனுப்புவதற்கு யார் இருக்கிறார்கள்? பாஸுக்கு அடுத்த நாள் இரண்டு படகு இயந்திரங்கள் முடித்துக் கொடுக்க இருந்தன. மாமனாருக்கு முழங்கால் வருத்தம். நான் போகிறேன் என்றேன். சொன்னபிறகுதான் எனக்கே விளங்கியது என்ன சொன்னேன் என்று.

அன்று பின்னேரம் பிளைவீலை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய பேப்பரை விரித்து, பல் எண்ணினேன். நாற்பது ஐம்பதுக்கு மேல் போனால் எனக்குத் தப்பிவிடும். இரண்டு முறை தப்பியது. மூன்றாம் முறை, ஓதும் மணிமாலையான என் தஸ்பீஹை எடுத்துக்கொண்டேன். தையல் சோக்கால் ஒரு பல்லில் குறி போட்டு, பல்லுக்கு ஒரு மணியாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

கட்டிலில் படுத்திருந்த மகள் எட்டிப் பார்த்தாள். "உம்மா, பிளைவீலுக்குத் தஸ்பீஹ் ஓதுறீங்களா?"

"பேசாம இரு. தப்பிரும்."

என் தஸ்பீஹில் தொண்ணூற்றொன்பது மணி. முப்பத்துமூன்றுக்கு ஒருமுறை ஒரு தட்டை மணி வரும். அது கணக்கில் சேராது, நிறுத்தக் குறி மட்டும்தான். அந்தத் தட்டை மணி இரண்டையும் கவனமாகத் தாண்டினேன். ஒரு முழுச் சுற்று, மேலே ஐந்து மணி. நூற்றுநான்கு பல்.

திங்கட்கிழமை விடியப் பக்கத்து வீட்டு மாமியை மகளுக்குத் துணைக்கு வைத்துவிட்டு பஸ் ஏறினேன். பிளைவீலை வெங்காயச் சாக்கில் சுற்றிப் பன்புல்லால் பின்னிய பையில் வைத்திருந்தேன். நல்ல பாரம். பாலாவியில் சிலாபம் பஸ்ஸுக்கு மாறும்போது கொண்டக்டர் பையைத் தூக்கி உள்ளே வைக்கப் பார்த்து, "அம்மோ!" என்று கீழே வைத்தான்.

"என்ன உம்மா இது? பூசணிக்காயா?"

"இரும்பு," என்றேன், மெதுவாக.

"இரும்பா?" அவன் மெதுவாகச் சொல்லவில்லை. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிலாபம் வரைக்கும் நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு போனேன்.

கடை மீன் சந்தைக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. முதலாளி சிங்களவர், போனில் யாருடனோ சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். வேலையாள் ஒருவர் என் பையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, இராக்கையிலிருந்து மூன்று பிளைவீல்களை இறக்கி நிலத்தில் வைத்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போனார். இரண்டு பார்த்தவுடனேயே பெரிது. மூன்றாவது ஒரே அளவாகத் தெரிந்தது. முகமும் சுத்தமாக இருந்தது. கடையில் நாலைந்து ஆண்கள் நின்றார்கள். நான் சுவரைப் பார்த்தபடி குந்தி, தஸ்பீஹை எடுத்து எண்ணினேன். யாரோ ஒருவர் என் தோளுக்கு மேலால் பார்ப்பது தெரிந்தது. வியர்த்துக் கொட்டியது. ஒரு முழுச் சுற்று, மேலே ஐந்து மணி. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு காசைக் கொடுத்து, புதிய கிளச் பிளேட்டும் ஒன்று வாங்கிக்கொண்டு, இரண்டு பிளைவீலையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. காற்று நன்றாக வந்தது. மகளுக்காக ஓதுவோம் என்று தஸ்பீஹை எடுத்தேன். முப்பத்துமூன்று முடிந்து என் பெருவிரல் தட்டை மணிக்கு வந்தது. வாய் தானாக நபியவர்கள்மேல் ஒரு ஸலவாத்தைச் சொல்லியது. என் உம்மா பழக்கியது அப்படி: தட்டை மணியை வெறுமனே தாண்டக் கூடாது, அதிலும் ஒன்று ஓதிவிட்டுத்தான் போக வேண்டும். விரல் அடுத்த மணிக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

கடையில் நான் தட்டை மணியைத் தாண்டினேனா?

கண்ணை மூடி யோசித்தேன். வீட்டில் தாண்டியது நன்றாக நினைவிருந்தது. கடையில் தாண்டியதாக நினைவில்லை. ஆட்கள் பார்க்கிறார்களே என்ற பதற்றத்தில் மனம் எங்கேயோ இருந்தது; விரல் தன் பழக்கத்துக்குப் போயிருக்கிறது. அந்த இரண்டு தட்டை மணிக்கும் ஒவ்வொரு பல்லைக் கொடுத்திருந்தால் இதில் நூற்றாறு பல்.

பஸ்ஸுக்குள் எண்ணிப் பார்க்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணலாம். பிழை என்றால் நாளைக்குத் திரும்பி வரலாம். நாளைக்கு வந்தால் புதன்தான் பூட்டத் தொடங்கலாம். வியாழன் விடியப் பயணம். இடையில் எதுவும் பிசகினால்? பஸ் முந்தலை நெருங்கியது. நான் எழுந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடும் பஸ்ஸில் சத்தம் போட்டேன்.

"இறக்கம்!"

ரோட்டோரத்தில் ஒரு மதிலின்மேல் இரண்டு தட்டையும் வைத்து, சோக்கால் குறி போட்டு, தட்டை மணியைத் தாண்டித் தாண்டி எண்ணினேன். இப்போது யார் பார்த்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. பழையது நூற்றுநான்கு. புதியது நூற்றாறு. மாமிக்குப் போன் எடுத்து மகள் எப்படி என்று கேட்டேன். பாணும் பருப்பும் தின்றுவிட்டுத் தூங்குகிறாள் என்றார். நான் பிந்துவேன் என்று சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து சிலாபம் பஸ்ஸை மறித்தேன்.

கடைக்குள் மறுபடியும் நுழைந்தபோது முதலாளி போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன நோனா, ஏதும் மறந்து போச்சா?"

"பிழை. பல்லு பிழை. ரெண்டு கூட. நான்தான் பிழையா எண்ணினது."

அவர் இரண்டையும் வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, ஒரு பக்கப் பல்லை நேர்படுத்தினார். அந்தப் பக்கம் பல்லோடு பல் சரியாக இருந்தது. சுற்றிக்கொண்டு போகப் போக விலகி, கால்வாசிச் சுற்றில் பல்லுக்குமேல் பள்ளமாக நின்றது.

"ஹரி," என்றார் சிங்களத்தில். "நோனா சொன்னது சரிதான்." பிறகு என்னைப் பார்த்தார். "நோனா நூறு பல்லும் எண்ணினதா? ஒவ்வொண்டா?"

தலையாட்டினேன்.

"அய்யோ நோனா! எண்ண என்னத்துக்கு? இப்படி மேல வச்சா காணும்தானே!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏளனமாகச் சிரிக்கவில்லை. நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். முதலாளி தானே பின்வளவுக்குப் போனார். இரும்புக் குவியலுக்குள் ஏறி இறங்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் துரு. கையில் ஒரு பிளைவீல். அதே எஞ்சின் போட்ட ஒரு பழைய வானிலிருந்து கழற்றியது என்றார். துடைத்து என் பழையதின்மேல் வைத்தார். சுற்றிவர ஒரு பல்கூட விலகவில்லை. போல்ட் துளைகள் ஆறும் ஒன்றுக்கு மேல் ஒன்று கண் திறந்து நின்றன. இந்த முறை பல்லை நான் எண்ணவில்லை.

"யாருக்கு நோனா இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் நெஞ்சில் கையை வைத்து, "ஒண்டும் நடக்காது. பயப்பட வேணாம்," என்றார்.

செவ்வாய் பகல் பாஸ் புதியதைப் பூட்டத் தொடங்கினார். கிளச் பிளேட்டை நடுவில் நிறுத்தி, கியர் பொக்ஸை ஏற்றி முடிக்கப் புதன் பகலாகிவிட்டது. இடையில் இரண்டு முறை, "போல்ட்டெல்லாம் ஒரே இறுக்கமா இருக்கணும், அவசரப்படுத்தாதீங்க," என்றார். நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை; வாசலில் நின்றதுதான். மகளுக்குப் புதன் காலையிலிருந்து இடுப்பு வலி. இரத்தம் இல்லை. ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த வான் நம்பரை அவளையே மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

"ஏறுங்க தங்கச்சி," என்றார் பாஸ், சாவியை நீட்டி. "நான் ஓட்டிப் பார்த்துட்டன். நீங்க ஓட்டிப் பாருங்க."

முதலாம் கியர். கிளச்சை விட்டேன். கார் அசைந்ததே தெரியவில்லை. பக்கத்து மதில் பின்னால் போகத் தொடங்கியபோதுதான் நான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. நிறுத்தினேன். மறுபடி எடுத்தேன். நிறுத்தினேன். எடுத்தேன். ஏழெட்டு முறை அப்படிச் செய்தேன். பாஸ் வாசலில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும், போதும். இண்டைக்கே தேய்ச்சு முடிச்சிராதீங்க! இனி ஆக்கள் முன்னால போனா நிப்பாட்டி, நியூட்ரல்ல போட்டுட்டுக் காலை எடுத்துருங்க. அவங்க போகட்டும். மரியாதைக்கு அதுவும் மரியாதைதான்."

வியாழக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். மகள் பின்சீற்றில் இரண்டு தலையணைகளுக்கு நடுவில் சரிந்து படுத்தாள். கையில் ஒரு துவாலையை மடித்து வைத்திருந்தாள், இரத்தம் பட்டால் என்று. மாமி கண்ணாடிக்குள்ளால் தலையை விட்டு ஓதி ஊதிவிட்டார். ஒவ்வொரு பாலத்துக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் கைகள் வயிற்றுக்குப் போவதைக் கண்ணாடியில் பார்த்தேன். நொரைச்சோலையில் ஒரு லொறி மெதுவாகத் திரும்புவதற்காக நிறுத்தி, மறுபடி வண்டியை எடுத்தேன்.

"உம்மா, கார் வெளிக்கிட்டுட்டுதா?" என்றாள்.

"ஓம் மகள்."

"தெரியவே இல்ல."

அதற்குப் பிறகு அவள் கைகள் வயிற்றுக்குப் போகவில்லை. பாலாவி தாண்டும்போது பின்னால் சத்தமே இல்லை. பயந்து திரும்பிப் பார்த்தேன். வாயைக் கொஞ்சம் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து நாளாக ஒழுங்காகத் தூங்காத பிள்ளை. துவாலை மடிப்புக் கலையாமல் கீழே விழுந்து கிடந்தது. அவளை எழுப்பாமல், ஒரு பிரேக்கைக்கூட ஓங்கி மிதிக்காமல், சிலாபம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். என் வாழ்க்கையில் நான் நன்றாகச் செய்த வேலை எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

மருமகன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். எட்டு மணிக்கு மகளை உள்ளே எடுத்தார்கள். பத்தரை மணிபோல நேர்ஸ் ஒருவர் வந்து எங்களைத் தேடினார். பெண்பிள்ளை. தாய்க்குக் கொஞ்சம் இரத்தம் போனது, ஆனால் பயமில்லை, கண் விழித்துவிட்டாள், தண்ணீர் கேட்கிறாள் என்றார். மருமகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவரைப் பார்க்காததுபோல நின்றேன். பிறகு அவர், "மாமி, நீங்க ஏதும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் பசி தெரிந்தது. எத்தனை நாள் பசி என்று சொல்ல முடியாது. அவர் உள்ளே காவல் இருக்க, நான் தனியாக ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். அதுவரை நான் தனியாகக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. முழுக்க ஆண்கள். நடுவில் ஒரு கதிரைதான் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் பிளேன்ரீயும் சொன்னேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே அடுப்படியிலிருந்தே ஓம் என்று பதில் வந்தது.

பாதியில் கட்டாரிலிருந்து போன் வந்தது. வாய் நிறைய ரொட்டி. "என்ன, ஏன் கதைக்கமாட்டேங்கிறாய்? என்ன ஆச்சு? சொல்லேன்!" என்று அவர் அந்தப் பக்கத்தில் பதறிக்கொண்டிருந்தார். நான் மென்று விழுங்கி, ஒரு வாய் பிளேன்ரீயும் குடித்து, "பேத்தி. ரெண்டு பேரும் சுகம்," என்றேன். பக்கத்து மேசைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று இன்னும் இரண்டு ரொட்டி கொண்டுவரச் சொன்னேன்.